ஒரே கட்டடத்துக்குள் ஒரு கொள்ளை: 'கேஷ் ஒன் டிமாண்ட்' படத்திலிருந்து எமது குறும்படத்துக்கு எதைக் கற்கலாம்?

உவர்மலை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பிரித்தானியாவின் ஹாமர் நிறுவனம் 1961இல் தயாரித்த 'கேஷ் ஒன் டிமாண்ட்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. முடிவையும் சேர்த்தே பேச வேண்டியிருப்பதால், இதுவரை பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்தபின் இந்த இழையை வாசிப்பது நல்லது.

கதை மிகவும் சிறியது. நத்தாருக்கு இரண்டு நாட்களே இருக்கும் வேளையில், இங்கிலாந்தின் ஒரு சிறு நகரத்து வங்கிக் கிளைக்கு, காப்புறுதி நிறுவனத்தின் பாதுகாப்புப் பரிசோதகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு கேணல் கோர்-ஹெப்பேர்ன் என்பவர் வருகிறார். ஊழியர்களைச் சிறு பிழைக்கும் வாட்டுகிறவரும் எவரோடும் ஒட்டாதவருமான கிளை முகாமையாளர் போர்டைஸ் அவரை மரியாதையுடன் தமது அறைக்குள் அழைத்துச் செல்கிறார். கதவு சாத்தப்பட்ட பின்னரே வந்தவர் கொள்ளைக்காரர் என்பது தெரிகிறது. முகாமையாளரின் மனைவியும் மகனும் தமது ஆட்களின் பிடியில் இருப்பதாகச் சொல்லி, பெட்டக அறையிலுள்ள 90,000 பவுணுக்கும் மேற்பட்ட காசை முகாமையாளரின் கையாலேயே எடுப்பித்துக் கொள்வதுதான் அவருடைய திட்டம். துப்பாக்கிச் சண்டை இல்லை, கார்த் துரத்தல் இல்லை. வங்கிக் கட்டடத்தையும் அதன் வாசலையும் விட்டுக் கமெரா வெளியே போவதே இல்லை எனலாம்.

எமது திரைப்பட வட்டத்தில் இதைப் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். இது மேடை நாடகமொன்றின் முன் கமெராவை நிறுத்தி எடுத்த படம், இதில் சினிமா என்று சொல்ல எதுவும் இல்லை என்பது ஒரு சாராரின் வாதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எதனால் தோன்றவில்லை என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியாமல் இருக்கிறது.

எங்களுக்கு இது வெறும் ரசனைப் பிரச்சினை அன்று. பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்துப் புறப்படும் நாட்களில், துறைமுகத் தொழிலாளரின் சம்பளக் காசு வைக்கப்பட்டிருக்கும் ஓர் அலுவலகத்தில் நடக்கும் கற்பனைக் கொள்ளையை ஒரு குறும்படமாக எடுக்க நினைத்திருக்கிறோம். எங்களிடம் இருப்பவை ஒரு பழைய கட்டடம், ஒரு கமெரா, நடிப்பில் ஆர்வமுள்ள சிலர் மட்டுமே. கப்பலையோ கப்பல்துறையையோ அந்தக் காலத்து வீதிகளையோ காட்டுவதற்கு எங்களிடம் வழியில்லை. பணம் இல்லாத நிலையை மறைக்காமல் அதையே படத்தின் பலமாக்குவது எப்படி என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.


திருக்கடலூர் எழுதியது:

உவர்மலை அவர்களுக்கு வணக்கம். இது எனக்கு மிகவும் பிடித்த படம் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த வகைப் படங்கள் தோன்றிய பின்னணியைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படங்கள் பிரித்தானியத் திரையரங்குகளை நிரப்பியிருந்த காலத்தில், உள்நாட்டுப் படங்களுக்கு ஒரு பங்கைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டும் என்று 1927இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தப் பங்கை எப்படியாவது நிரப்பிவிடும் நோக்கத்துடன் மலிவாகவும் அவசரமாகவும் எடுக்கப்பட்ட படங்கள் ஏராளம். பின்னர் ஒரே ரிக்கற்றுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் தொடர்ந்தபோது, முதன்மைப் படத்துக்குத் துணையாக ஓடுவதற்கென ஒரு மணித்தியாலம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நீளமுள்ள குற்றப் படங்களைச் சிறு நிறுவனங்கள் தொடர்ந்து எடுத்து வந்தன. லண்டனின் மேர்ட்டன் பார்க் ஸ்ரூடியோவில் 1960இலிருந்து 1965 வரை தயாரான எட்கர் வொலஸ் கதைப் படங்கள் இந்த மரபின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை. 1946இல் 160 கோடியைத் தாண்டியிருந்த பிரித்தானியத் திரையரங்குகளின் ஆண்டு நுழைவுகள் 1963இல் 36 கோடி அளவுக்கு விழுந்துவிட்டன. தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்துவிட்டதால் துணைப் படத்துக்கான தேவையும் மெல்ல மெல்ல இல்லாமற் போனது.

'கேஷ் ஒன் டிமாண்ட்' இந்தக் கடைசிக் கட்டத்தில் வந்த படம். அதற்கு ஆன செலவு ஏறத்தாழ 37,000 பவுண். அதே நிறுவனம் நான்கு வருடங்களுக்கு முன் எடுத்து உலகப் புகழ்பெற்ற பிரான்கன்ஸ்ரைன் படத்துக்கு ஏறத்தாழ 65,000 பவுண் செலவானது என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய முயற்சி என்பது விளங்கும். அமெரிக்காவில் 1961இல் வெளியான படம் பிரித்தானியாவில் 1963இல்தான், அதுவும் ஏறத்தாழ 80 நிமிடத்திலிருந்து 66 நிமிடமாக வெட்டப்பட்டு, துணைப் படமாக வெளிவந்தது. உங்கள் வட்டத்தினர் பார்த்தது எந்த வடிவம் என்பதைச் சரிபாருங்கள். நீண்ட வடிவத்தையே பார்க்க வேண்டும் என்பது எனது கருத்து, ஏனெனில் இந்தப் படத்தில் காத்திருப்பும் கதையின் ஒரு பகுதியே.

நாடகம் என்று சொல்பவர்களின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஜாக் கில்லீஸ் எழுதி 1960இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான நாடகமே இதன் மூலம். அதை இயக்கிய குவென்ரின் லோறன்ஸ்தான் திரைப்படத்தையும் இயக்கினார். கொள்ளைக்காரராக நடித்த ஆந்த்ரே மொரெல், தலைமை எழுதுவினைஞர் பியர்சனாக நடித்த ரிச்சர்ட் வேர்ணன் ஆகிய இருவரும் அதே பாத்திரங்களில் திரைக்கு வந்தார்கள். பணம் குறைந்த தயாரிப்பில் இது பெரிய சேமிப்பு என்று நினைக்கிறேன். பாத்திரங்களை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர்கள் படப்பிடிப்புக்கு வரும்போது, கிடைக்கும் சொற்ப நேரத்தை முகங்களுக்கும் அசைவுகளுக்கும் செலவிட முடிகிறது. உங்களுக்கும் நான் சொல்லக்கூடிய முதலாவது செயல்வழி இதுதான்: கமெராவைக் கையில் எடுப்பதற்கு முன், முழுக் கதையையும் ஒரு மண்டபத்தில் பார்வையாளர் முன்னிலையில் நாடகமாக நடித்துப் பாருங்கள்.

ஆனால் மற்றப் பாதி முக்கியமானது. படத்தின் தொடக்கத்தை மறுபடியும் பாருங்கள். மனிதர் எவரும் வருவதற்கு முன்பே கமெரா வெறுமையான வங்கிக்குள் உலாவுகிறது. வாடிக்கையாளர் நிற்கும் கூடம், கருமபீடம், முகாமையாளரின் அறை, கீழே பெட்டக அறைக்கு இறங்கும் படி ஆகிய எல்லாவற்றையும் நாம் பார்த்துவிடுகிறோம். எந்தக் கதவு எங்கே திறக்கும், எங்கிருந்து பார்த்தால் யார் தெரிவார் என்பது அந்தக் கணத்திலேயே எமது மனதில் பதிந்துவிடுகிறது. அதனால்தான் பிறகு போர்டைஸ் அறைக் கதவைத் திறந்து ஊழியர்களின் மேசைகளைக் கடந்து செல்லும்போது, அந்தச் சில அடித் தூரம் எமக்குத் தாங்க முடியாத நீளமாகத் தெரிகிறது. மேடையில் எல்லாப் பார்வையாளரும் ஒரே தூரத்தில் இருக்கிறார்கள். இங்கே நாம் சில வேளை முகாமையாளரின் நெற்றி வியர்வைக்கு மிக அருகிலும், சில வேளை எதுவும் அறியாத எழுதுவினைஞர்களின் மேசையருகிலும் நிறுத்தப்படுகிறோம். அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் நடுவே எம்மை மாறி மாறி நிறுத்துவதுதான் இந்தப் படத்தின் சினிமா. ஆர்தர் கிராண்டின் ஒளிப்பதிவு இதைச் சிறு ஆரவாரமும் இல்லாமல் செய்திருக்கிறது.

நடிப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. போர்டைஸாக நடித்த பீற்றர் குஷிங்கும் மொரெல்லும் 1959இல் ஹாமர் படமொன்றில் ஷேர்லொக் ஹோம்ஸாகவும் வொற்சனாகவும் நடித்தவர்கள் என்பதைப் பலர் அறிவார்கள். அதற்கும் முன்பு, 1954இல் பிபிசி நேரடியாக ஒளிபரப்பிய '1984' நாடகத்தில் சித்திரவதைக்கு உள்ளாகும் வின்ஸ்ரனாகக் குஷிங்கும், அவரை விசாரித்து உடைக்கும் ஓ'பிரையனாக மொரெல்லும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். அந்த உறவே இங்கே ஒரு வங்கி அறைக்குள் மீண்டும் உயிர்பெறுகிறது. மொரெல்லின் குரல் உயரும் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு, ஆனாலும் அந்த அறையில் அவர் கேட்டு நடக்காதது எதுவும் இல்லை. இலங்கையில் எடுக்கப்பட்ட 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தில் கேணல் கிறீனாக வருபவரும் இதே மொரெல்தான் என்பதை உங்கள் வட்டத்தின் இளைஞர்களுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.


நிலாவெளி எழுதியது:

தம்பிமார் இருவருக்கும் வணக்கம். நான் கிழக்கு மாகாணத்தில் வங்கித் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவன். சினிமாவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லாவிட்டாலும், இந்தப் படம் வங்கிக்குள் நடக்கும் வேலையை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் குறும்படத்துக்கு அது பயன்படும்.

காசு வைக்கும் பெட்டகத்தை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது என்பது வங்கித் தொழிலின் பழைய விதி. சாவிகள் இருவரிடம் இருக்கும். இருவரும் சேர்ந்தே திறக்க வேண்டும், சேர்ந்தே எண்ண வேண்டும், சேர்ந்தே பூட்ட வேண்டும். இந்த ஏற்பாடு அடிப்படையில் அவநம்பிக்கையின் மீது கட்டப்பட்டது, அது சரியானதும்கூட. எந்த மனிதரும் எந்த நாளும் சலனத்துக்கு உட்படலாம் என்று கருதியே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த விதிக்குள்ளும் ஒரு பலவீனம் உண்டு. முகாமையாளர் கேட்டால் மற்றவர் தமது சாவியைத் தயங்காமல் நீட்டிவிடக் கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் நாளாந்த வாழ்க்கையில், கண்டிப்பான மேலதிகாரி ஒருவர் கை நீட்டினால் கேள்வி கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? போர்டைஸைப் போன்ற ஒருவரின் கீழ் வேலை செய்பவர்களுக்கு அந்தத் துணிவு ஒருபோதும் வளர்ந்திருக்காது. கொள்ளைக்காரர் அந்தக் கிளையைத் தெரிவு செய்ததன் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முகாமையாளரின் கடுமை வங்கிக்குக் காவல் என்று அவர் நம்பியிருந்தார்; உண்மையில் அதுவே கொள்ளைக்காரருக்கு வழியைத் திறந்துவிட்டது.

அடுத்தது, வந்தவர் பரிசோதகர் வேடத்தில் வந்திருப்பது. வங்கியில் வாடிக்கையாளர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எல்லை உண்டு. பரிசோதகருக்கு எல்லை இல்லை. அவர் எந்த அலுமாரியையும் திறக்கச் சொல்லலாம், எச்சரிக்கை மணி எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம், பெட்டக அறைக்குள் இறங்கலாம். அவரிடம் அடையாளத்தை நிரூபிக்கச் சொல்வது ஊழியருக்குத் தாம் செய்யும் அவமரியாதையாகப் படும். அதனால்தான் அப்படி வருபவரைப் பற்றி, அவர் தரும் தொலைபேசி இலக்கத்துக்கு அல்லாமல், எமது பதிவேட்டில் உள்ள இலக்கத்துக்கு நாமே எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். படத்தில் பியர்சன் காப்புறுதி நிறுவனத்தோடு தொடர்புகொண்டு விசாரித்ததனால்தான் விடயம் வெளிச்சத்துக்கு வருகிறது. காலையில் ஒரு சிறு கணக்குப் பிழைக்காக வேலையை விட்டே நீக்கிவிடுவேன் என்று மிரட்டப்பட்ட அதே பியர்சன், விதிப்படி செய்ய வேண்டிய வேலையை ஒழுங்காகச் செய்கிறார். ஆனால் அப்படிச் செய்ததனாலேயே முகாமையாளரின் குடும்பத்தின் உயிருக்கு ஆபத்து வந்துவிட்டதோ என்ற பயமும் எமக்கு எழுகிறது. விதியைப் பின்பற்றினாலும் ஆபத்து, பின்பற்றாவிட்டாலும் ஆபத்து. தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்த இடத்தில் என் நெஞ்சு உண்மையிலேயே கனத்தது.

தம்பி, உங்கள் கதையில் 1957இல் ஒரு சம்பள அலுவலகம் வருகிறது என்றால், கொள்ளைக்காரரைக் கணக்காய்வாளராக வரச் செய்வதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். தளம் கைமாறும் காலத்தில் இருப்பைச் சரிபார்க்கவும் பட்டியல் எழுதவும் யார் யாரோ வருவதும் போவதும் இயல்பாக இருந்திருக்கும். புதிய அதிகாரி யார், பழைய அதிகாரி யார் என்று எவருக்கும் சரியாகத் தெரியாத அந்த இடைவெளி ஒரு மோசடிக்காரருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வேளை. ஒரு கப்பலையும் காட்டாமலே அந்தக் காலத்தைக் காட்டிவிடலாம்.


சாம்பல்தீவு எழுதியது:

ஐயா எழுதியதை மிகவும் விரும்பி வாசித்தேன். இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். எல்லோரும் ஒரே அறையைப் புகழ்கிறார்கள். ஆனால் அதே காலத்தில், அதே அளவு சிக்கனத்துடன் வெளியே சென்று எடுத்த படங்களும் இருக்கின்றன. அவற்றில் சில எனக்கு இதைவிடப் பதற்றமாகப் படுகின்றன.

வேர்ணன் சூவெல் 1962இல் இயக்கிய 'ஸ்ரோங் ரூம்' படத்தில் மூன்று இளைஞர்கள் ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள். நீண்ட விடுமுறை தொடங்கும் நாள் அது. முகாமையாளரையும் அவருடைய செயலாளரான பெண்ணையும் காற்றுப் புகாத பெட்டக அறைக்குள் பூட்டிவிட்டுத் தப்புகிறவர்களுக்கு, விடுமுறை முடிந்து கதவு திறக்கப்படும் வரை உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுவிடக் காற்றுப் போதாது என்பது பிறகுதான் உறைக்கிறது. சாவியைப் பொலிசாரின் கைக்குச் சேர்ப்பிக்கப் புறப்பட்டவன் வீதி விபத்தில் இறந்துபோகிறான். அதன் பிறகு கொள்ளையடித்தவர்களே தாம் பூட்டிய கதவைத் திறப்பதற்காக ஓடித் திரிகிறார்கள். காசைக் கொண்டுபோவது பற்றிய கதை அந்த நொடியிலேயே இரண்டு உயிர்களைக் காப்பாற்றுவது பற்றிய கதையாக மாறிவிடுகிறது. பெட்டக அறைக்குள் அடைபட்ட இருவரும், அதுவரை ஒருவரை ஒருவர் மனிதராகக் கவனித்திராதவர்கள், குறைந்துகொண்டு போகும் காற்றுக்குள் மெதுவாகப் பேசத் தொடங்குவதும் அழகாக எழுதப்பட்டிருக்கிறது.

அதே இயக்குநர் 1961இல் எடுத்த 'த மான் இன் த பாக் சீற்' ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான படம். நாய் ஓட்டப் பந்தயத்தில் பந்தயப் பணம் வாங்குபவரை இரண்டு இளைஞர்கள் தாக்குகிறார்கள். பணப்பை அவருடைய கையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருப்பதால் மயங்கிக் கிடக்கும் அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு இரவு முழுவதும் அலைய வேண்டியதாகிறது. ஒரு கார், இரவு, சில வீதிகள் ஆகியவற்றோடு படம் முடிந்துவிடுகிறது. இரண்டிலும் டெரன் நெஸ்பிற்றும் கீத் போக்னரும் நடித்திருக்கிறார்கள்.

ஆகவே என் கேள்வி இதுதான். திருகோணமலையில் இருந்துகொண்டு, கடலையும் காற்றையும் உட்துறைமுக வீதியின் இரவையும் விட்டுவிட்டு நாலு சுவருக்குள் ஏன் அடைபட வேண்டும்? இரவில் எடுத்தால் 1957க்குப் பிந்திய எதுவும் திரையில் தெரியாதபடி இருளே மறைத்துவிடாதா?


திருக்கடலூர் எழுதியது:

சாம்பல்தீவு குறிப்பிட்ட இரண்டு படங்களும் நல்லவை. 'ஸ்ரோங் ரூம்' பற்றி அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் படங்கள் என்னுடைய வாதத்துக்கே வலுச் சேர்க்கின்றன. காற்றுப் புகாத அறை என்ற ஒரே நிபந்தனை அங்கே முழுக் கதையையும் நடத்துகிறது. பந்தயப் பணம் வாங்குபவரைப் பற்றிய படத்தில் அதே வேலையைக் கைச் சங்கிலி செய்கிறது. 'கேஷ் ஒன் டிமாண்ட்' படத்தில் தொலைபேசியும் மூடிய கதவும் செய்கின்றன. பாத்திரங்கள் ஏன் அந்த இடத்தை விட்டுப் போக முடியாது என்பதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. தயாரிப்பாளரிடம் பணம் இல்லை என்பதனால் மட்டும் ஓர் அறைக்குள் இருப்பவர்களைப் பார்வையாளர் எளிதில் கண்டுகொள்வார்கள்.

அந்தக் காலத்தில் வீதிகளில் படமெடுப்பதும் அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. எடுத்தது நிகழ்காலக் கதை, அதனால் எந்த வீதியும் பொருந்தும். சம்பளக் காசுக் கொள்ளையைப் பற்றிய 'பேரோல்' என்ற 1961ஆம் ஆண்டுப் படம் நியூகாசில் நகரத்து வீதிகளை அப்படித்தான் தாராளமாகப் பயன்படுத்தியது. உவர்மலை அவர்கள் எடுக்கப்போவது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முந்திய கதை. இன்றைய உட்துறைமுக வீதியில் மின்விளக்குக் கம்பமும் முச்சக்கர வண்டியும் கைத்தொலைபேசிக் கோபுரமும் நிற்கின்றன. இருள் அவை எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒலியை எங்கிருந்தும் கொண்டுவரலாம். கப்பலின் ஊதல், சங்குச் சத்தம், வெளியே வரிசையில் காத்து நிற்கும் தொழிலாளரின் பேச்சு, மாரி மழை ஓட்டில் விழும் சத்தம் ஆகியவற்றை முன்கூட்டியே பதிவுசெய்து வைத்துக்கொண்டால், நாலு சுவருக்கு அப்பால் ஒரு துறைமுகம் முழுவதும் இருப்பதாகப் பார்வையாளர் நம்புவார்கள். இங்கிலாந்துப் படத்தில் சன்னலுக்கு வெளியே விழும் பனி செய்யும் வேலையை இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை செய்யும்.


உவர்மலை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நிலாவெளி ஐயாவின் கணக்காய்வாளர் யோசனையை எமது வட்டத்தில் வாசித்துக் காட்டினேன், அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஒரே ஒரு விடயம் இன்னும் உறுத்துகிறது. படத்தின் கடைசியில் போர்டைஸின் மனைவியும் மகனும் கடத்தப்படவே இல்லை, தொலைபேசியில் கேட்டது வெறும் ஏமாற்று என்று தெரிய வருகிறது. அது நாம் அதுவரை அனுபவித்த பயத்தைச் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது என்று எம்மில் சிலர் சொல்கிறார்கள். காலையில் அவ்வளவு கடுமையாக இருந்த மனிதர் ஒரு முற்பகலுக்குள் மாறிவிடுவதும் நம்பும்படியாக இல்லை என்கிறார்கள். நத்தார்க் காலத்துக் கதை என்பதால், சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1843இல் எழுதிய கஞ்சன் ஸ்குரூஜின் கதையை வங்கிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய முறைப்பாடு. நாங்களும் எமது கதையின் முடிவில் இதே இடத்தில்தான் தடுமாறி நிற்கிறோம்.


திருக்கடலூர் எழுதியது:

ஸ்குரூஜின் சாயல் இருப்பது உண்மை, அதை எழுதியவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் ஸ்குரூஜைத் திருத்த ஆவிகள் வந்தன. போர்டைஸைத் திருத்துவதற்கு வந்தவர் ஒரு திருடர். அந்தத் திருடர் முகாமையாளரின் மேசையில் உள்ள குடும்பப் படத்தைப் பார்க்கிறார், ஊழியர்களோடு அன்பாகப் பேசுகிறார், அவர்களை நீங்கள் மனிதராக நடத்துவதில்லை என்று முகாமையாளருக்கே எடுத்துச் சொல்கிறார். சொல்வது எல்லாம் நியாயம். சொல்பவரோ ஒரு பெண்ணையும் குழந்தையையும் வதைப்பேன் என்று மிரட்டிக்கொண்டிருப்பவர். இந்த முரண் இருப்பதனால்தான் அது உபதேசமாகத் தோன்றவில்லை.

மாற்றம் திடீரென்று நடந்தது என்ற முறைப்பாட்டையும் நான் ஏற்கவில்லை. போர்டைஸ் ஒரு முற்பகலுக்குள் நல்லவராகிவிடவில்லை. தாம் அதுவரை மதிக்காத ஊழியர்களிடம், குறிப்பாகப் பியர்சனிடம், மன்றாடும் நிலைக்கு அவர் வருகிறார். தமது குடும்பத்தின் உயிர் அவர்களுடைய மௌனத்தில் தங்கியிருக்கிறது என்று நினைத்து, பேச வேண்டாம் என்று கெஞ்சுகிறார். அவர்களோ, அவரைக் கைவிடுவதற்கு எல்லா நியாயமும் இருந்தும், கைவிடாமல் நிற்கிறார்கள். மாறிய முதல் ஆள் போர்டைஸ் அல்லர், அவரைப் பார்க்கும் அந்த ஊழியர்களின் பார்வை என்பதே எனது வாசிப்பு. குஷிங் அந்தக் காட்சியில் குரல் உடைந்து நிற்பதைப் பாருங்கள். குடும்பம் கடத்தப்பட்டது பொய் என்று பிறகு தெரிந்தாலும், அவர் பட்ட பயமும் அவர்கள் காட்டிய இரக்கமும் பொய்யாகிவிடுவதில்லை.

உங்கள் கதைக்கு இதை இப்படிப் பயன்படுத்தலாம். யார் காசைக் கொண்டுபோனார் என்பதை முடிவாக வைக்க வேண்டாம். வெளியே மழையில் வரிசையாக நிற்கும் தொழிலாளருக்குச் சம்பளம் இல்லை என்று சொல்லப்போவது யார் என்ற கேள்வியை முடிவுக்குக் கொண்டுவாருங்கள். அலுவலகத்தின் தலைமை எழுதுவினைஞரும் காசாளரும் அதுவரை ஒருவர் மீது ஒருவர் பழி சுமத்திக்கொண்டிருந்தால், அந்தக் கதவைத் திறந்து வெளியே போகும் கணத்தில் இருவரும் சேர்ந்து போகிறார்களா, ஒருவர் மட்டும் போகிறாரா என்பதே போதுமான முடிவாக இருக்கும். வெளியே இருப்பவர்களை நீங்கள் காட்டவே வேண்டியதில்லை.


நிலாவெளி எழுதியது:

தம்பி, வரிசையைப் பற்றி எழுதியது மிக நன்றாக இருக்கிறது. பொருட்களைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள். நாணயத்தாள்களை அச்சடித்தோ பிரதி எடுத்தோ பயன்படுத்த வேண்டாம். மத்திய வங்கியின் அனுமதியில்லாமல் அப்படிச் செய்வதைச் சட்டம் தடைசெய்கிறது. வெற்றுத்தாளை அளவாக வெட்டிக் கட்டுகளாக்கி, பழுப்பு நிறத் தாள் பட்டியால் சுற்றி, ஓரம் மட்டும் தெரியும்படி வையுங்கள். பேரேடு, மைக்கூடு, தொட்டு எழுதும் பேனா, உருளைப் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஆகியவற்றைப் பழைய கடைகளிலும் வீடுகளிலும் தேடிப் பார்க்கலாம். காசு எண்ணும் காட்சியில் நடிப்பவர் கட்டை இடது கையில் பிடித்து, வலது பெருவிரலால் தாளைத் தள்ளித் தள்ளி எண்ணப் பழக வேண்டும். ஒவ்வொரு தாளாக மேசையில் வைத்து எண்ணினால் அவர் காசாளர் அல்லர் என்பது வங்கியில் இருந்தவர் எவருக்கும் உடனே தெரிந்துவிடும். விரும்பினால் ஒரு ஞாயிறு பின்னேரம் நானே வந்து பழக்கித் தருகிறேன்.